போன் கெடுதலை நான் ஆராய்ச்சி பண்ண லட்சணம்

போன வாரம் ஆபிஸ்ல எனக்கு ஒரு வேலை குடுத்தாங்க. சோஷியல் மீடியா பாக்கறதால உடம்புக்கும் மனசுக்கும் என்ன கெடுதல்னு ஆராய்ச்சி பண்ணணும். வெள்ளிக்கிழமை பிளான்ட் ஹெட் மேடம் முன்னாடி பேசணும்.

நான் ஒரகடத்துல கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில ஹெச்.ஆர். அசிஸ்டென்ட். அதாவது லீவ் லெட்டர் வாங்கி வெக்கிறது, யாருக்காவது பர்த்டேன்னா கேக் வெட்ட கத்தி தேடறது. என்னைப் பாத்து ஒருத்தர் "ஆராய்ச்சி"ன்னதும் எனக்குத் தலைகால் புரியல!

வேலை குடுத்தவரு எங்க மேனேஜர் பாஸ்கர் சார்.

"தையல் லைன்ல எல்லாருக்கும் கழுத்து வலி, தூக்கமில்ல, எரிச்சல். எல்லாத்துக்கும் ரீல்ஸ்தான் காரணம். நீ ஆராய்ச்சி பண்ணி அதைக் கண்டுபுடி."

"அதான் நீங்களே கண்டுபுடிச்சிட்டீங்களே சார்?"

"அதனாலதான் உனக்கு வேலை ஈஸி!"

அவரு திட்டமே வேற. ஷிஃப்ட்ல எப்பவும் லைன்ல இருக்கறவங்க போன் லாக்கர்லதான் இருக்கும், டீ பிரேக்ல மட்டும் எடுக்கலாம். அதையும் நிறுத்தி, கேட்லயே வாங்கிப் பூட்டிடணுமாம். அதுக்கு நான் அறிவியல் தரணும். நானு!

சரின்னு போனை எடுத்தேன். போன்லதானே தேடணும்?

முதல்ல ஒரு டாக்டர் வந்தாரு. போன் பாத்தா கண்ணு கெட்டுடும்னு போன்ல வந்து சொன்னாரு. அவருக்குக் கீழ ஒரு அம்மா கழுத்துக்கு எக்சர்சைஸ் காட்டினாங்க. அவங்களுக்குக் கீழ ஒருத்தர் சோப்பைச் சீவிக்கிட்டிருந்தாரு.

சும்மா! கத்தியால! சீவிக்கிட்டே இருந்தாரு!

நிமிந்து பாத்தா கேன்டீன்ல சாப்பாடு முடிஞ்சி பாத்திரம் கழுவறாங்க.

"ஏம்மா, சாப்பிடப் போகல?"ன்னாரு சார்.

"ரிசர்ச் சார்."

"குட்! இதான் டெடிகேஷன்!"

அந்த டெடிகேஷன் வியாழக்கிழமை வரைக்கும் குறையவே இல்ல.

அன்னிக்கு சாயங்காலம்தான் லைன்ல ஒருத்தரையாவது கேக்கணுமேன்னு உறைச்சிது. டீ பிரேக்ல தனம் அக்காவைப் புடிச்சேன். தையல் லைன்ல இருக்காங்க, வாலாஜாபாத்துலருந்து கம்பெனி பஸ்ல வராங்க. புடிச்சிருக்கக் கூடாது.

"அக்கா, கழுத்து வலிக்குதா?"

"வலிக்குதே."

"போன் பாக்கறதாலதானே?"

"இன்னாம்மா பேசற? காலைலருந்து குனிஞ்சி தச்சிக்கினுகீறேன் நானு. போன் லாக்கர்ல சொகமா தூங்கினுகீது. வேணும்னா அதுக்குக் கழுத்து வலிக்குதான்னு போய்க் கேளு!"

கேன்டீனே சிரிச்சிது.

"சரி, தூக்கம் வருதா?"

"ஓ.டி. போட்டா எங்கருந்து வரும்?"

"எரிச்சல்?"

"இவ்ளோ நேரம் இல்ல. இப்பத்தான் லைட்டா வருது."

அதுக்குள்ள அவங்க பொண்ணு வீடியோ கால்ல வந்துட்டா. ஸ்கூல் விட்டு வந்து யூனிஃபார்ம் கூட மாத்தல, வாயெல்லாம் மாங்கா, மொளகாப்பொடி. "மூஞ்சி கழுவுடி! அப்பா வர வரைக்கும் கதவைத் தெறக்காத!"ன்னு சொல்லிட்டு வெச்சாங்க. அப்புறம் என்னைப் பாத்தாங்க.

"டீ பிரேக்லயும் போன் கிடையாதாமே, மெய்யா?"

"தெரியலக்கா"ன்னேன். பச்சைப் பொய்.

சார்கிட்ட போய் சொன்னேன். "குனியறதை எல்லாம் எழுதாத. ரீல்ஸை எழுது"ன்னாரு. எழுதினேன். என் வீரம் டீ ஆறற வரைக்கும்தான்.

வெள்ளிக்கிழமை வந்துது. மீட்டிங் ரூம்ல என் லேப்டாப் அப்டேட் ஆகறேன்னு சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே கிடக்குது!

"ஃபைல் உன் போன்ல இருக்குல்ல? அதையே பெரிய ஸ்கிரீன்ல கனெக்ட் பண்ணு"ன்னாரு சார். பண்ணேன். அந்த நேரத்துக்குப் புத்தி எங்க போச்சுன்னு இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்.

பாதி பேசினதும் மேடம் நிறுத்தினாங்க. "ஒருத்தர் ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் பாக்கறாங்கன்னு எப்படித் தெரியும்?"

சார் துள்ளி எழுந்தாரு. "போனே சொல்லும் மேடம்! எங்க, உன்னோடதையே சாம்பிளா காட்டும்மா!"

"வேணாம் சார்."

"அட, கூச்சப்படாம காட்டு!"

காட்டினேன். சுவரு முழுக்க என் மானம்! காலைல பஞ்ச் வெச்ச நேரத்துக்கு நான் போன் பாத்த கோடு கிளம்புது. மதியம் கோயில் கோபுரம் மாதிரி நிக்குது. சாயங்காலம் பஸ் ஏறற நேரத்துக்குத்தான் கொஞ்சம் எறங்குது.

"இது ஆபிஸ் நேரமாச்சே?"ன்னாங்க மேடம்.

"ரிசர்ச் மேடம்."

"ஓஹோ. பாஸ்கர், உங்க போனையும் காட்டுங்க பாப்போம்."

"சார்ஜ் இல்ல மேடம், ஆஃப் ஆயிடுச்சு"ன்னு சார் பதறிப் போய் பாக்கெட்டை அமுக்கினாரு.

அமுக்கின அமுக்குல செத்த போன் எழுந்துக்கிச்சு.

"வணக்கம் மக்களே! ஒரே வாரத்துல தொப்பை குறையணுமா?"

பாக்கெட்டுக்குள்ள அந்த ஆளு தொப்பையைப் பத்தி நிறுத்தாம பேசறாரு. சார் அமுக்க அமுக்க, சத்தம் இன்னும் ஏறுது!

மேடம் சிரிக்கவே இல்ல. "லைன்ல இருக்கறவங்க போனை ஏற்கனவே பூட்டித்தான் வெச்சிருக்காங்க. திங்கக்கிழமைலருந்து ஆபிஸ் ஸ்டாஃப் போன் கேட்லயே பூட்டணும். லைனுக்கு டீ பிரேக் பழையபடிதான். நல்ல ஆராய்ச்சி"ன்னு எழுந்து போயிட்டாங்க.

திங்கக்கிழமை டீ பிரேக். கையை எங்க வெக்கிறதுன்னே தெரியாம கேன்டீன்ல உக்காந்திருந்தேன். தனம் அக்கா பொண்ணுகிட்ட பேசி முடிச்சிட்டு எதிர்ல வந்து உக்காந்தாங்க.

"இன்னாம்மா, உங்க போனைப் புடுங்கிட்டாங்களாமே! பாவம், மூஞ்சே செரியில்ல. இந்தா, பெல் அடிக்கிற வரைக்கும் என்னுத வெச்சிக்க."

வாங்கிக்கிட்டேன். வெக்கத்தையும் கேட்லயே குடுத்துட்டுத்தான் வந்திருந்தேன்.