ஒத்தவிரல் மண்டோரின் பெரட்டு

வாயைத் திறக்காமலே ஒரு தோட்டத்தை அதட்டி மேய்த்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். லாபு பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் அவரை ஒத்தவிரல் மண்டோர் என்பார்கள். மண்டோர் என்றால் தோட்டத்தில் ஆள் மேய்க்கும் கங்காணி. வாயைத் திறக்காதவர் என்றதும் ஊமைச்சாமி என்று நினைத்துவிடாதீர்கள். விடிந்ததும் தொடங்குகிற பேச்சு அவர் படுத்த பிறகுதான் ஓயும். அவ்வளவு பேச்சும் ஒரே ஒரு விரல் நுழையக்கூடிய சந்து வழியாக வெளியே வரும், அவ்வளவுதான்.

காரணம் பாக்கு. ஆண்டுக்கணக்கில் பாக்கு மென்றால் சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் வார் மாதிரி இறுகி, வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வரும். நல்ல வாயில் அவரவர் விரல் மூன்றை அடுக்கி நுழைக்கலாம். மண்டோருக்கு ஒன்றுதான் போகும். ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் ஊறவைத்துக் கிழித்து, தபால்பெட்டியில் கடிதம் போடுவதுபோல உள்ளே தள்ளுவார். தள்ளும்போதும் பேசுவார்.

செனாவாங்கிலிருந்து மோட்டாரில் போய் அந்தத் தோட்டத்து வாய்களையெல்லாம் அளந்துகொண்டிருந்தவள் நான். பல் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஒன்றில் தாதி வேலை. தோட்டத்தார் வாயில் மிஸ்ஸி. எங்கள் ஆராய்ச்சி சாதாரணக் கேள்விதான். பாக்கை விட்டுவிட்டு மாத்திரை மட்டும் சாப்பிட்டால் போதுமா, கூடவே ஐஸ்கிரீம் குச்சி போன்ற மரக்குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, வாயை விரிக்கும் பயிற்சியும் செய்தால் சீக்கிரம் திறக்குமா? இதைக் கண்டுபிடிக்க ஆட்களை இரண்டாகப் பிரிக்கவேண்டும். ஒரு பக்கம் மாத்திரையும் குச்சியும். இன்னொரு பக்கம் வெறும் மாத்திரை. அவர்களுக்குக் குச்சி ஆராய்ச்சி முடிந்த பிறகுதான்.

முதல் நாள் நானும் டாக்டரும் போய்ச் சேர்ந்தபோது கோயில் மண்டபத்தில் எல்லாரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஆட்களை அதிகாலையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். மண்டோர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகியிருந்தது. பழைய ஆட்கள் பாதிப் பேர் சுங்கை காடுட் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள், செம்பனைக் காட்டில் இப்போது வேலை செய்யும் வெளிநாட்டு ஆட்களுக்கு இவர் தமிழே புரியாது. அதட்ட ஆளில்லாமல் காய்ந்துபோயிருந்த மனிதருக்கு அரசாங்கமே ஒரு படையை அனுப்பிவைத்ததுபோல நாங்கள் போய் இறங்கினோம். தாமதமாக வந்ததற்கு டாக்டருக்கும் ஒரு டோஸ் கிடைத்தது. டாக்டர் மலாய்க்காரப் பெண்மணி. என்ன திட்டு என்று புரியாமல் தலையாட்டி வணக்கம் சொன்னார்.

யார் எந்தப் பக்கம் என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும் என்றேன். மண்டோருக்குச் சந்தேகம். அந்தக் கம்ப்யூட்டர் யாருக்கு வேண்டியவன் என்று விசாரித்தார். அவர் மனைவிக்குக் குச்சியும் அவருக்கு வெறும் மாத்திரையும் விழுந்த பிறகுதான் முகம் தெளிந்தது. புருசன் பெண்டாட்டியையே பிரித்துப்போட்ட கம்ப்யூட்டர், அந்தக் காலத்தில் வேண்டியவனுக்கெல்லாம் மேட்டில்லாத காடாகப் பார்த்து எழுதிக்கொடுத்த ஆபீஸ் குமாஸ்தா கிராணியைவிட யோக்கியன் என்று அங்கேயே தீர்ப்புச் சொன்னார்.

கையெழுத்து வாங்குமுன் நான் ஒன்றை எல்லாரிடமும் சொல்லவேண்டும். விருப்பமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். சட்டம் அப்படி. மண்டோருக்கு அது சட்டமாகப் படவில்லை, வசவாகப் பட்டது.

“ஏன் மிஸ்ஸி, எங்களப் பாத்தா கைநாட்டு வெச்சிட்டு ஓடிப்போறவனுங்க மாதிரியா தெரியுது?”

அன்றிலிருந்து எங்கள் ஆராய்ச்சிக்கு எங்களைவிடக் கறாரான காவலர் அவர்தான். தினமும் காலையில் குச்சிக்காரர்களை நிறுத்தி வாயை விரிக்கச் சொல்லி, தானே எண்ணிக்கை போட்டார். அதைவிடப் பெரிய காவல் மாத்திரைக்காரர்கள் மேல். அவர்கள் வாய் தப்பித்தவறிக்கூட அதிகமாகத் திறந்துவிடக்கூடாதாம். கொட்டாவி வந்தால் கையால் தாடையைத் தாங்கிக்கொள்ளவேண்டும் என்று உத்தரவு போட்டார். லோரி ஓட்டும் முனியாண்டி கரண்டிக் காம்பை வைத்துத் திருட்டுத்தனமாகப் பயிற்சி செய்ததைப் பின்கட்டில் பிடித்து, கரண்டியோடு மண்டபத்துக்கு இழுத்துவந்தார். இதெல்லாம் வேண்டாம் ஐயா என்று நான் சொன்னால், நான் சின்னப் பெண், எனக்கு ஆள் மேய்க்கத் தெரியாது என்பார்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். இந்த மனிதரோ தனக்கும் சேர்த்தே உபதேசம் செய்துகொண்டார். மாதங்கள் போகப்போக அவர் மனைவிக்கு இரண்டு விரல் நுழைந்தது, வடையைப் பிட்டுத் தின்ன ஆரம்பித்தார். வீட்டில் குச்சி கட்டுக்கட்டாகக் கிடந்தது. மண்டோர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. கொட்டாவி வந்தால் தன் தாடையைத் தானே பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் தளும்ப அதை விழுங்குவார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பாவமாகவும் இருக்கும்.

அந்த வருடக் கடைசியில் ஒருநாள் அவர் வாயை அளந்த டாக்டர் கையில் இருந்த விளக்கை அணைக்கவே இல்லை. கன்னத்தின் உள்ளே, ஆழத்தில், வெள்ளையாக ஒரு படை. அதிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தால்தான் அது என்னவென்று தெரியும். எடுக்கும் கருவி அந்த ஒத்தவிரல் சந்தில் நுழையாது. மயக்கம் கொடுத்துச் செய்யலாம் என்றால், அதற்கும் வாய் கொஞ்சம் திறக்கவேண்டும். இனி தாமதிக்கக்கூடாது என்று டாக்டர் அங்கேயே முடிவு செய்தார். மண்டோரை ஆராய்ச்சியிலிருந்து விலக்கி உடனே குச்சிப் பயிற்சியைத் தொடங்கவேண்டும்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். படையைப் பற்றிச் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. விலக்குகிறோம் என்றது விழுந்துவிட்டது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார். அவர் பேசாமல் போனதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள் தோட்டத்தில் பெரட்டு இல்லை. அடுத்த நாளும் இல்லை. அவர் குச்சியையும் தொடவில்லை, கிளினிக்குக்கும் வரவில்லை. முனியாண்டியே எனக்குப் போன் செய்து, மண்டோர் வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், ஏதாவது செய்யுங்கள் என்றான். நானும் டாக்டரும் போனோம். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“பேர வெட்டிட்டாங்க மிஸ்ஸி. நாப்பது வருசம் தொரைகூட எம்பேர வெட்டுனதில்ல.”

தோட்டத்தில் பெயரை வெட்டுவது என்றால் வேலையை விட்டு நிறுத்துவது. குடிகாரனுக்கும் திருடனுக்கும் நடக்கிற காரியம். இது அவர் உடம்புக்காகச் செய்தது, அந்தப் படை கெட்டதாக மாறினால் உயிருக்கே ஆபத்து என்று நான் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். டாக்டர் மலாயில் கெஞ்சினார். மனிதர் சுவரைவிட்டுத் திரும்பவில்லை. எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தன. கையெழுத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் மனிதரை அந்தக் கையெழுத்தே கொன்றுவிடும்போலிருந்தது.

அடுப்படியில் இருந்த மண்டோரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“ஏங்க, பெரட்டுல வரிசையில நிக்கிறவனுக்குத்தான் பேரு வெட்டு. மண்டோர் என்னைக்கு வரிசையில நின்னாரு? ஒங்கள வரிசையில சேத்தானே அந்தக் கம்ப்யூட்டரு, அதான் தப்புலா. இப்பத் திருத்தியிருக்காங்க.”

மண்டோர் மெதுவாகத் திரும்பி, டாக்டரைப் பார்த்து அப்படியா என்று மலாயில் கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே மன்றாடினேன். டாக்டரம்மா படிப்பாளி மட்டுமில்லை, புத்திசாலியும்கூட. நேராக நிமிர்ந்து, “பெத்துல், மண்டோர்” என்றார். உண்மைதான் என்று அர்த்தம்.

அப்படியானால் அதை எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும் என்றார் மண்டோர். சொன்னோம். மறுநாள் காலை மண்டபத்தில் வரிசை நின்றது. வரிசைக்கு எதிரே, தனக்கென்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அவர் குச்சியை வாயில் வைத்தார். வாயில் குச்சி இருந்தால் பேசமுடியாது. எண்ணிக்கை போட ஆள் வேண்டும். கரண்டி முனியாண்டி முன்னால் வந்தான். பழைய கணக்கைத் தீர்க்கிற உற்சாகத்தில் அவரை அதட்டி அதட்டி எண்ணினான், எல்லாரும் சிரித்தார்கள். இன்னொரு குச்சியைச் செருகியதும் வலியில் மண்டோரின் கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. முனியாண்டி எண்ணிக்கையைப் பாதியில் விட்டுவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். மண்டோரோ குச்சியை எடுக்காமல், மேலே எண்ணு என்று விரலால் காட்டினார்.

சில வாரத்தில் ஒன்றரை விரல் ஆனது. அது போதும் என்றார் டாக்டர். துளி சதை எடுத்தார். முடிவு வரும்வரை தோட்டத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் கோயிலில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கெட்டது இல்லை என்று வந்தது. இப்போதைக்கு இல்லை, பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

ஆராய்ச்சி முடிந்தபோது அந்தத் தோட்டத்தில் நடுவில் விலகியவர் ஒரே ஒருவர்தான். அது யார் என்று நாங்கள் அவரிடம் சொல்லவில்லை.

இன்றும் அவர் தவணை தவறாமல் வாயைக் காட்ட வருகிறார். கார் நிறுத்துமிடத்தில் காவலாளியை அதட்டும் குரல் முதலில் வரும், பிறகுதான் ஆள். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்ததும், டாக்டருக்கு முன்னால் நான் எட்டிப் பார்ப்பேன். அவர் வருகிற நாளில் காலையில் நான் பசியாறுவதில்லை. ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு ஒரு வாய் இறங்கும்.