வலப்பக்க இருக்கையில் ஒரு குடும்பத் தலைவர்

நேரத்தைச் செலவழிக்கிறவர்களை உங்களுக்குத் தெரியும், வீணடிக்கிறவர்களையும் தெரியும். நேரத்தைச் சேர்த்துவைக்கிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. இவர்கள் வங்கியிலும் உண்டு, கல்லூரியிலும் உண்டு. ஆனால் கலப்படமில்லாத அசல் ரகம் வேண்டுமென்றால் ஒரு விமானியைத்தான் பார்க்க வேண்டும். மற்றவர்கள் மனசுக்குள் செய்வதை அவர் சட்டப்படி செய்கிறார்.

லாஸ்பேட்டையில், விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறாரே பிரேம்குமார், அவர் அசல் ரகம். இருக்கிறார் என்பது ஒரு பேச்சுக்கு. வீடு அங்கே இருக்கிறது. மனைவி வினோதாவும், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் மகிழினியும் அங்கே இருக்கிறார்கள். அவர் மும்பையில் இருக்கிறார். மும்பையிலும் அதிகம் இருப்பதில்லை.

பெரிய விமானத்தில் அவர் துணை விமானி. துணை விமானி வலப்பக்கம் உட்காருவார், கேப்டன் இடப்பக்கம். இரண்டு இருக்கைக்கும் நடுவே கை நீட்டினால் எட்டும் தூரம்தான். அதைத் தாண்ட ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்திருக்க வேண்டும். விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரைதான் கணக்கு. நின்றுகொண்டிருப்பதற்கு எந்த மரியாதையும் கிடையாது.

இப்படி ஒரு விதி மனிதனை என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்? பெங்களூருக்கு மேலே மழை கொட்டுகிறது, இறங்க அனுமதியில்லாமல் விமானம் வட்டமடிக்கிறது, பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அவரவர் குலதெய்வத்தைக் கூப்பிடுகிறார்கள், பணிப்பெண்கள்கூடப் பெல்ட்டை இறுக்கிக்கொள்கிறார்கள், அந்த நேரத்தில் முன்னால் வலப்பக்க இருக்கையில் ஒரு முகம் மட்டும் குழந்தை உறங்குவதுபோல் சாந்தமாக இருக்கும். ஒவ்வொரு சுற்றும் வரவு.

"கொஞ்சம் மணி சேரட்டும்" என்பது அவருடைய தாரக மந்திரம். குளியலறைக் குழாய் ஒழுகுகிறதா? கொஞ்சம் மணி சேரட்டும். மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தர வேண்டுமா? சேரட்டும். இரண்டாவது குழந்தை? அதற்கு ரொம்பவே சேர வேண்டும். அவரை வாழத் தெரியாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. "குவாலிட்டி ஆஃப் லைஃப் ரொம்ப முக்கியங்க. அதுக்குத்தானே இப்ப வீட்டுக்கு வராம இருக்கேன்" என்று அவரே விளக்குவார்.

வினோதா கதிர்காமத்தில் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவரும் பகல், இரவு என்று மாறி மாறி மணிக்கணக்கில்தான் வேலை பார்க்கிறார். அந்த மணிகளை எந்த இருக்கைக்காகவும் யாரும் கூட்டிப் பார்த்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு சோதனை வந்தது. லாஸ்பேட்டையிலிருந்தே, இறக்கையில் விசிறி சுழலும் ஒரு சின்ன விமானத்தை ஓட்டப்போவதாக ஒரு புதுக் கம்பெனி அறிவித்து, உள்ளூர்க்காரரான பிரேம்குமாருக்கு ஆளனுப்பியது. காலையில் பெங்களூர் போய் வந்தால் முடிந்தது, மதியச் சாப்பாடு வீட்டில். சில மாதப் பயிற்சிக்குப் பிறகு இடப்பக்க இருக்கையும் உண்டு. ஆனால் நாளுக்கு இரண்டு மணி நேரம் தேறினால் பெரிது. அதுவும் விசிறி விமான மணி. பெரிய கம்பெனிக்காரர்கள் அதைத் தள்ளுபடித் துணி மாதிரித் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே மனைவியிடம் கேட்டிருப்பார். பிரேம்குமார் விஷயம் தெரிந்தவரிடம் கேட்பவர். லீவில் வந்ததும் நேரே உழவர்கரைக்குப் போனார். அங்கே ஓய்வுபெற்ற கேப்டன் தெய்வசிகாமணி, இருபதாயிரம் மணி நேரம் பறந்தவர், வீட்டில் தனியாக டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல யோசிக்க இன்னா இருக்குது தம்பி? மணியப் புடி. மத்ததெல்லாம் தானா வரும்" என்றார் கேப்டன். பிறகு, காபி போடுகிறேன் என்று உள்ளே போனார். வெகு நேரம் டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. கடைசியில் கோயிலுக்குப் போயிருந்த மனைவிக்குப் போன் போட்டார்.

"அஞ்சலாட்சி, சக்கரைய எங்க வச்சே?"

ஸ்பீக்கரில் பதில் கூடம் வரை கேட்டது. "மேல் தட்டுல, நீல டப்பாவுல. வீடு கட்டுனதுலேருந்து அங்கதான் இருக்குது."

காபி வந்தது. சுவரில் மகனின் கல்யாணப் படம் இருந்தது. பிரேம்குமார் அதில் கேப்டனைத் தேடினார்.

"நான் இருக்க மாட்டேன். அன்னிக்குத் துபாய்லேருந்து வந்துக்கிட்டிருந்தேன். முகூர்த்தத்துக்கு வந்துடலாம்னுதான் கெளம்புனது. நல்ல எதிர்காத்து தம்பி" என்ற கேப்டனின் கண்கள் மின்னின. "ஒரு மணி நேரம் கூடவே கெடச்சுது."

எச்சரிக்கையை இதைவிடப் பெரிய எழுத்தில் எழுத முடியுமா? பிரேம்குமார் சிலிர்த்துப்போனார். எப்பேர்ப்பட்ட அனுபவம்! திரும்பும் வழியிலேயே முடிவெடுத்துவிட்டார்: மும்பைதான், மணிதான். வீட்டில் சொல்ல வேண்டிய வாக்கியங்களை, பயணிகளிடம் பேசும் அதே மிருதுவான குரலில் ஸ்கூட்டரிலேயே ஒத்திகை பார்த்தார்.

வினோதா அவரைப் பேசவிடவில்லை.

"எனக்கு மேல்படிப்புக்கு சீட் கெடச்சிருச்சுங்க. சென்னையில. ரெண்டு வருஷம், ஹாஸ்டல்ல தங்கணும்."

"நல்ல விஷயம்தான். ஆனா இப்ப எதுக்கு அவசரம்? கொஞ்சம் மணி..."

"மூணு தடவ தள்ளிப் போட்டாச்சு. அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிரும். அப்புறம் கெஞ்சுனாலும் குடுக்க மாட்டாங்க."

"பாப்பாவ யார் பாத்துப்பா?"

"அதத்தான் உங்ககிட்ட கேக்கறேன்."

பிரேம்குமார் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் அக்காவைச் சொன்னார். "என் ட்யூட்டி நேரத்துக்குப் பாத்துக்கறாங்க. ரெண்டு வருஷத்துக்கா பாத்துப்பாங்க?" என்றார் வினோதா. விடுதியுள்ள பள்ளிக்கூடம் என்றார் பிரேம்குமார். வினோதா கோபப்படவில்லை. துவைத்த சீருடையை மடித்துக்கொண்டே இருந்தார். அப்போது மகிழினி ஓடி வந்து, அப்பா வந்தால் எப்போதும் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்.

"அப்பா, எப்ப கெளம்புறீங்க?"

என்ன வாங்கி வந்தீர்கள் என்று அவள் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"கெளம்பலம்மா" என்றார்.

அவள் நம்பவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

ஆக, பிரேம்குமார் சின்ன விமானத்துக்கு வந்தார்; பயிற்சி முடிந்ததும் இடப்பக்கத்துக்கு மாறினார். காலையில் பள்ளிக்கூட வேனில் மகளை ஏற்றிவிட்டுப் பறந்தார். மதியம் வந்து சமைத்தார். ரெட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டார். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்தாலும் சடைதான். குழாய் ஒழுகுவது நின்றது. சந்தோஷமாகவும் இருந்தார். மனிதர் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்த இனம் திருந்தாது. கணக்கின் தலைப்பை மட்டும் மாற்றிக்கொள்ளும்.

"இந்த வாரம் பாப்பாவோட முப்பது மணி நேரத்துக்கு மேல" என்று சென்னைக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"தூங்குற நேரத்தையும் சேத்தீங்களா?" என்று கேட்டார் வினோதா.

"பாப்பா தூங்குனா சேக்கலாம். நான் தூங்குனா சேக்கக் கூடாது. அதான் ரூல்."

விமான நிலையத்தில் சக விமானிகளைப் பிடித்து வைத்துப் பிரசங்கமும் செய்தார். "குவாலிட்டி ஆஃப் லைஃப்ல என் அளவுக்கு யாருக்கும் மணி கெடையாதுப்பா."

ஐப்பசியில் ஒருநாள் புயல் மழை. விமானம் ரத்து, பள்ளிக்கூடமும் லீவு, மின்சாரமும் இல்லை. அப்பாவும் மகளும் தோசை சுட்டார்கள். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. ஜன்னலில் கன்னத்தை வைத்து மழையைப் பார்த்தார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் யாரோ பென்சிலைத் திருடிய வழக்கை முழுவதுமாகச் சொன்னாள். அவர் முழுவதுமாகக் கேட்டார். பொழுது சாய்ந்து மின்சாரம் வந்தபோதுதான், காலையிலிருந்து கடிகாரத்தையே பார்க்கவில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, ஒன்றும் தெரியவில்லை. இப்படி ஒரு நாளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நெடுநேரம் யோசித்தார். பிறகு நேர்மையான மனிதர் என்பதால், அந்த நாளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிட்டார்.

நல்லவேளையாக நீங்கள் விமானி இல்லை. ஓய்வாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள். சற்று முன் உள்ளேயிருந்து யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்களே, "இத முடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொன்னது நீங்கள்தானா? போங்கள், ஆறிவிடப் போகிறது.