தோல் டாக்டரின் முழுக்கைச் சட்டை

காலையில் கை கழுவும்போதுதான் தோல் டாக்டர் அதைப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே மிளகளவில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள்.

வேறு யாருக்காவது வந்திருந்தால், "வயசும் வெயிலும் சேர்ந்தா இப்படித்தான், பயப்பட ஒண்ணுமில்ல" என்று அனுப்பியிருப்பார். தன் கை என்றதும் படித்த படிப்பெல்லாம் காலை வாரிவிட்டது. தேமலோ? பழைய காயத்தின் தடமோ? இல்லை, பரவுகிற வகையோ?

"வெயில்தானேங்க?" என்றாள் மனைவி.

"அதை டாக்டர் சொல்லணும்."

"சரி, சொல்லுங்க."

அவர் அலமாரியைத் திறந்தார்.

தோல் டாக்டருக்கே தோல் வியாதி என்று தெரிந்தால் கிளினிக்கில் ஈ ஓட்ட வேண்டியதுதான். முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கை கழுவி, சட்டை முழங்கை வரை ஊறிப்போனது. அதைச் சுருட்டிவிட்டு, புள்ளிகள் மேல் கட்டுப் போட்டுக்கொண்டார்.

"நாய் கடிச்சிருச்சா டாக்டர்?" என்றாள் ஒரு பாட்டி.

ஆமாம் என்று தலையாட்டித் தொலைத்தார். டாக்டருக்கு வெறிநாய்க்கடி என்று செய்தி வெளியே போய், வரிசையில் பாதிப் பேர் எழுந்து ஓடினார்கள்.

கட்டை அவிழ்த்தெறிந்து, மனைவியின் மேக்கப் கிரீமை வரவழைத்துப் பூசினார். சோதிக்கும்போது அது அடுத்து வந்த பேங்க் மேனேஜரின் சிவத்த கன்னத்தில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது.

"டாக்டர், வரும்போது இந்தக் கறுப்பு இல்லியே?"

"உள்ள இருந்தது வெளிய வருது. நல்ல அறிகுறி."

மேனேஜர் நம்பிவிட்டார். டாக்டருக்குத்தான் தன்மேல் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போனது.

மத்தியானம், "யார் வந்தாலும் உக்கார வை" என்று கம்பவுண்டரிடம் சொல்லிவிட்டு, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம் சகிதமாக அடுத்த தெருவுக்கு நடந்தார். அங்கே இன்னொரு தோல் டாக்டர் இருந்தார். 'படைக்கும் பருவுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள்' என்று இவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது அவரைத்தான். என்ன செய்வது, பயம் வந்துவிட்டால் வீறாப்பு செல்லாது.

"பேரு?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"லாரி டிரைவர்னு போட்டுக்கம்மா. டாக்டரை உடனே பாக்கணும்."

அவள் நிமிர்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவர் இல்லியே சார். கையில என்னமோ வெள்ளைப் புள்ளின்னு, இதே மாதிரி மூஞ்சிய மூடிக்கிட்டு இப்பத்தான் உங்க கிளினிக்குக்குப் போனாரு."