மச்சானைப் பட்டியலிலிருந்து நீக்கிய விவரம்

பாடாலூரில் இருக்கும் பெரிய மச்சான் இளையபெருமாள் அவர்களுக்கு, ஜெயங்கொண்டத்திலிருந்து தங்கள் தங்கை ஜெயலட்சுமியின் கணவன் ராசாங்கம் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் தங்கை நான்கு நாளாக என்னோடு பேசாமல் சோற்றுத் தட்டை மட்டும் நங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள். அதைச் சுகம் என்று எப்படி எழுதுவது? அவ்விடம் தங்கள் சுகத்தையும், கோபம் எந்த அளவில் இருக்கிறது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மச்சான், நம்ம பொண்ணு சிந்து கல்யாணத்துக்கு உங்களை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டது நானில்லை. நீங்கள் 'வரலை' என்றதற்குப் பதில் போட்டதும் நானில்லை. ஆனால் செய்ய வைத்த பாவி நான்தான். பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷம் கடிதம் டைப் அடித்து ரிட்டயர் ஆனவன் சும்மா இருந்திருக்கலாம். யூடியூபில் ஒருவர், ஏஜென்ட் என்று ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் நம் வேலையையெல்லாம் அதுவே பார்க்கும் என்றார். ஏற்றினேன். அது பாட்டுக்குச் சும்மா கிடந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அதற்குக் கைகால் மட்டும்தான், மூளை எங்கோ ஒரு கம்பெனியின் சர்வரில் இருக்கிறதாம். அங்கே கணக்குத் திறந்து, நீளமாக ஒரு ரகசியக் குறியீட்டை வாங்கி வந்து இதில் போட்டால்தான் இரண்டும் சேருமாம். போட்டேன். மூன்று நாளாக 'அனுமதி இல்லை' என்றே வந்தது. எதை எழுதினாலும் முதலில் 'உ' போட்டுப் பழகிய கை, அந்தக் குறியீட்டுக்கு முன்னாலும் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறது! அதை எடுத்ததும் சேர்ந்துகொண்டது. பிள்ளையார் அப்போதே தடுத்துப் பார்த்திருக்கிறார், எனக்குத்தான் புத்தி வரவில்லை.

எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதற்கு நாம் எழுதிக் கொடுக்கணும். வீடியோக்காரர் சொன்னதை அப்படியே எழுதினேன்: 'பணிவாகப் பேசு. யாரையும் வற்புறுத்தாதே. முடியாது என்பவர் முடிவை மதி.' நல்ல வார்த்தைதானே என்று நினைத்து, சொந்தக்காரர் ஃபோன் நம்பர்களையும் கல்யாணப் பத்திரிகையையும் அதனிடம் ஒப்படைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் காபி குடித்து முடிப்பதற்குள் சொந்தக்காரர் முந்நூறு பேருக்கும் பத்திரிகை போய்விட்டது. உங்களுக்கும்.

நீங்கள் எழுதினீர்கள்: "வாட்ஸ்அப்புல கூப்புட்டா வர்றதுக்கு நான் என்ன சமையல்காரனா மாப்ள? நான் வரலை."

நம்ம சனத்தில் தாய்மாமன் 'வரலை' என்றால் வந்து கூப்பிடு என்று அர்த்தம். முதல் 'வரலை' தண்ணீர்ச் சொம்பு நீட்டும்போது, இரண்டாவது தாம்பூலத் தட்டைப் பார்க்கும்போது, மூன்றாவது சட்டையை மாட்டிக்கொண்டே சொல்வது. இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கம்பெனி மூளைக்குத் தெரியவில்லை. "தங்கள் முடிவை முழுமனதுடன் மதிக்கிறோம். பட்டியலிலிருந்து தங்கள் பெயர் நீக்கப்பட்டது. வேறு ஏதேனும் உதவி தேவையா?" என்று போட்டுவிட்டது. நீங்களும் விடாமல், "அப்ப தாய்மாமன் மாலைய யாரு எடுத்துக் குடுப்பா?" என்று கேட்டீர்கள். அதற்கு அது, "சமையல் பொறுப்பாளர் ரஞ்சித்குமார் அன்று காலை மண்டபத்தில் இருப்பார், அவரிடம் ஒப்படைக்கலாம்" என்றது.

படித்துவிட்டு உங்கள் தங்கை சொன்ன கடைசி வார்த்தை இது: "எங்கண்ணன் இல்லாம எம்பொண்ணு மணையில ஒக்காராது. அந்த மிஷினையே மணையில ஒக்கார வைங்க."

மிஷினைத் திட்டி என்ன ஆகப்போகிறது? உங்கள் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு வந்துவிட்டு, முதல் பந்தியில் எனக்கு இடம் போடவில்லை என்று சாப்பிடாமல், சொல்லாமல் பஸ் ஏறியவன் நான். அதற்கப்புறம் உங்கள் முகத்தில் எப்படி முழிப்பது? அரியலூர், பெரம்பலூர் என்று பஸ் மாறி வந்து உங்கள் வாசலில் நிற்கப் பயந்துதான் அந்த மிஷின் பின்னால் ஒளிந்துகொண்டேன். வெட்கமாக இருக்கிறது மச்சான். தாய்மாமன் கோபித்துக்கொண்டதைச் சம்பந்தி வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஏஜென்டை நிறுத்திவிட்டேன். ரகசியக் குறியீட்டையும் அழித்தாயிற்று. நேரில் வர எனக்கு முகமில்லை. மனமிரங்கி ஒரு வரி எழுதினால் போதும், காத்திருக்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லோரும் நோய்நொடியில்லாமல் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்கவும் தகுதியில்லாத,
ராசாங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது ஃபோனைப் பார்த்தேன். நிறுத்துவதற்கு முன் கடைசியாக அது உங்களிடம், 'எங்கள் அழைப்புச் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' என்று கேட்டிருக்கிறது. நீங்கள் ஒன்று தந்திருக்கிறீர்கள். ஜெயலட்சுமியிடம் காட்டினேன். நான்கு நாள் கழித்து வாயைத் திறந்தாள்: "நெசமாவே கோவம்னா எங்கண்ணன் அதுகூடக் குடுத்திருக்காது. கெளம்புங்க." ஆகவே முகமில்லை என்றும் காத்திருக்கிறேன் என்றும் மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். கடிதம் தபாலில் வராது. தட்டில் வெற்றிலைக்கு அடியில் வைத்து நாங்களே கொண்டு வருகிறோம். 'வரலை'யை மூன்று தடவையும் சொல்லுங்கள், ஒன்றைக்கூடக் குறைக்க வேண்டாம். இந்தத் தடவை உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன், கடைசிப் பந்தியானாலும் சரி.