செம்பின் மீது ஒரு விசாரணை

ஒரு காட்டில், வேங்கை மரங்களுக்கு நடுவே, உலோக ஆய்வகம் ஒன்று நடந்துவந்தது. அதில் கனகாம்புஜம் என்ற அழுங்கு வேலை பார்த்தாள். உடம்பெல்லாம் செதில், நீளமான நாக்கு, மனம் கலங்கினால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சுபாவம். ஆனால் அணுவைப் பார்ப்பதில் அவளுக்கு ஈடு அங்கே யாருமில்லை.

அணுவைக் காட்டும் நுண்ணோக்கி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. விண்ணப்பம் போட்டு இரண்டு மழைக்காலம் காத்திருந்த பிறகு அவளுக்குப் பத்து நாள் ஒதுக்கினார்கள்.

முதல் நாள் சுத்தமான செம்புத் தகட்டைப் பார்த்தாள். அணுக்கள் ரேஷன் கடை வரிசையைவிட ஒழுங்காக நின்றன. கிராம்பிலிருந்து பிரித்தெடுத்த மூலக்கூறுகளைக் கொஞ்சம் அதன்மேல் படியவிட்டாள். மறுநாள் பார்த்தால், மூலக்கூறு உட்கார்ந்த இடத்திலெல்லாம் செம்பு அணுக்கள் வரிசையை விட்டு மேலே ஏறி அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. சமதளம் படிக்கட்டாகியிருந்தது.

படத்தை எடுத்துக்கொண்டு இயக்குநர் வீரபாகுவிடம் ஓடினாள். வீரபாகு ஒரு கரடி. ‘உலோகம் தரை மாதிரி, மேலே எந்த மூலக்கூறு வந்து உட்கார்ந்தாலும் அது அசையாது’ என்ற விதியைச் சொன்னவர் அவர்தான். அந்த விதிக்காகத்தான் அவருக்கு அந்த நாற்காலியே கிடைத்தது.

படத்தை அவர் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

“தூசியா இருக்கும்மா.”

“தூசிக்கு இவ்வளவு ஒழுங்கா படி கட்டத் தெரியாதுங்க ஐயா.”

“அப்ப மிஷின் கோளாறு. பத்து நாள் முடியறதுக்குள்ள பழுதுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துடு. இல்லேன்னா உன் பேரு இனிமே வரிசையிலயே வராது.”

படிவத்தில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன: தூசி, அதிர்வு, ஊழியரின் தூக்கக் கலக்கம். கனகாம்புஜம் நடைவழியிலேயே சுருண்டுகொண்டாள். பெருக்க வந்த முயல் அவளைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனது.

சாயங்காலம் விரிந்து எழுந்தாள். படிவத்தைத் தொடவில்லை. தகட்டை இதமாகச் சூடாக்கினாள். கிராம்பு மூலக்கூறுகள் பறந்துபோயின. செம்பு பழையபடி வரிசையில் நின்றது. அடுத்து எலுமிச்சைப்புல்லின் மூலக்கூறுகளைப் படியவிட்டாள். இந்த முறை படிக்கட்டு இல்லை, வாய்க்கால்.

ஒன்பதாம் நாள் மூன்று படங்களையும் கரடியின் மேசைமேல் வைத்தாள்.

“கிராம்பு வந்தா படிக்கட்டு, எலுமிச்சைப்புல் வந்தா வாய்க்கால், யாருமே இல்லேன்னா சமதளம். தூசி இப்படி ஆள் பார்த்து நடந்துக்குமா ஐயா?”

கரடி மூன்று படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. நன்றாகவே புரிந்துவிட்டது, அதுதான் சங்கடம். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“முப்பது வருஷமா பாடப்புத்தகத்துல இருக்கிற விதிம்மா இது. விதி தப்பாக முடியாது. செம்புதான் தப்புப் பண்ணியிருக்கு.”

கனகாம்புஜத்தின் முதுகு வளைய ஆரம்பித்தது. பாதி சுருண்ட நிலையில் அவளுக்கு ஒன்று தோன்றியது. மெல்ல நிமிர்ந்தாள்.

“அப்படின்னா இது ஒழுங்கீனம் ஆச்சுங்களே ஐயா. விசாரிக்காம விடலாமா?”

கரடியின் முகம் தெளிந்தது.

அன்றைக்கே செம்புக்கு நோட்டீஸ் போயிற்று. வரிசையை விட்டு ஏன் விலகினாய், பதினைந்து நாளில் விளக்கம் கொடு. செம்பு பதில் தரவில்லை. அதனால் பணியிடை நீக்கம் செய்யப்பட்டது. விசாரணை அதிகாரி கனகாம்புஜம். விசாரணை முடியும்வரை நுண்ணோக்கி அவள் பொறுப்பு.

அடுத்த மாதம் வெள்ளியின் மேலும் சந்தேகம் என்று அவளே எழுதிக் கொடுத்தாள். அப்புறம் தங்கம். ஆறு ஆண்டுகளில் நாற்பத்தோரு குற்றப்பத்திரிகைகள். எந்த மூலக்கூறு எந்த அணுவை எவ்வளவு தூரம் இழுத்தது என்று ஒவ்வொன்றிலும் படத்தோடு விவரமாக இருக்கும். பக்கத்துக் காட்டுக் கல்லூரிகளில் அவற்றை மனப்பாடம் செய்து பட்டம் வாங்கினார்கள்.

ஒவ்வொன்றும் ‘விதி சரியே; உலோகம் மீண்டும் மீறியுள்ளது’ என்று முடியும். முதல் தடவை அந்த வரியை எழுதிவிட்டு அவள் சுருண்டுகொண்டாள். ஏழாவது தடவை சுருளவில்லை. வீரபாகு ஒவ்வொன்றையும் ரசித்துப் படித்துக் கையெழுத்துப் போட்டு, விதிக்கு ஒரு கீறலும் விழாமல் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார்.

நீதி: உண்மையைக் கண்டுபிடித்தவர் அதை நிரூபிக்கப் பாடுபட வேண்டாம், அதன்மேல் ஒரு புகார் கொடுத்தால் போதும், மேலிடமே பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்.