லத்திமேட்டில் ஓர் எரிபொருள் ஆலை

ஒரு காட்டில் உருட்டாயி என்கிற சாணி வண்டுக்கு ஓர் அநியாயம் நடந்தது. அவளும் அவள் சொந்தபந்தம் அத்தனை பேரும் குடியிருந்த லத்திமேட்டை 'ஆளில்லாத தரிசு' என்று அறிவித்துவிட்டார்கள்.

யானைகள் ஆற்றுக்குப் போகிற வழியில் நின்று இளைப்பாறும் மேடு அது. யானை இளைப்பாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். விழுந்த லத்தியைச் சூடு ஆறுமுன் உருண்டை பிடித்து, உருட்டிக்கொண்டு போய் மண்ணில் புதைத்து, அதற்குள் முட்டையிடுவாள் உருட்டாயி. பிள்ளைக்கு அதுதான் தொட்டில். தொட்டிலைத் தின்றே வளர்வதால் சோறும் அதுதான்.

இந்த நேரம் பார்த்துப் புலி மகாராஜாவின் குகைக்கு ஏசி வந்தது. ஏசிக்கு மின்சாரம் வேண்டும். அதுவும் காட்டைக் கெடுக்காத மின்சாரமாக வேண்டும். ஆகவே லத்தியிலிருந்து எரிபொருள் எடுக்க ஓர் ஆலை கட்டுவதென்று முடிவாயிற்று. இடம் பார்க்கும் குழுவுக்குத் தலைவர் வரையாட்டார். செங்குத்துப் பாறையில் பிறந்து வளர்ந்தவர். சமதரை எதைப் பார்த்தாலும் அது சும்மா கிடப்பதாகத்தான் அவருக்குத் தோன்றும்.

மயில் தன் ஆடுகளத்தைத் தர முடியாது என்றது. கரடி, "ஆலை அவசியம் வேணும். ஆனா என் தேன்மரத்துப் பக்கம் எவனாச்சும் வந்தா கடிச்சுப்புடுவேன்" என்றது. உடனே தேன்மரம் பாதுகாக்கப்பட்ட பகுதி ஆகிவிட்டது. கடிக்கத் தெரிந்தவர்கள் இடமெல்லாம் இப்படியே பாதுகாக்கப்பட, மிஞ்சியது லத்திமேடு. அதைப் பருந்து பறந்து பறந்து சர்வே எடுத்தது. தன் வாய்க்கு ருசிக்காத எதையும் உயிர் என்று கணக்கில் சேர்க்கிற வழக்கம் பருந்துக்குக் கிடையாது. "யாருமில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் பாறை உச்சியில் வைத்தார்கள். உருட்டாயி மூச்சிரைக்கப் பறந்து வந்து மைக்கின் மேலேயே உட்கார்ந்தாள்.

"யாருமில்லைன்னு எழுதின மகராசன் யாரு?"

"நான்தான்" என்றது பருந்து. "உருண்டைங்க மட்டும் தானா நகர்ந்துக்கிட்டிருந்துச்சு. சரிவா இருக்கும்னு நினைச்சேன்."

"மேட்டுல ஏறுற உருண்டையைப் பார்த்துமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வரையாட்டார் தாடியை நீவிக்கொண்டார். "கோபப்படாதீங்கம்மா, இன்னும் முடிவாகலை. மேடெல்லாம் சிதறிக் கிடக்கிற லத்தியை ஆலைக்குக் கொண்டுவரணுமே? லாரி விட்டா, ஆலை தர்ற எரிபொருளைவிட லாரி குடிக்கிற டீசல் ஜாஸ்தி. அந்த இடமே வேண்டாம்னு விட்டுடலாமான்னு பார்க்கிறோம்."

அவள் அத்தோடு இறங்கி வீட்டுக்குப் போயிருக்கலாம். போவாளா? ஜெயித்துவிட்டோம் என்பதற்காக வாதத்தைப் பாதியில் விடுவது அவள் பரம்பரையிலேயே இல்லை.

"லாரியா? லாரி எதுக்குய்யா? அந்த மேட்டை இத்தனை காலமாச் சுத்தமா வச்சிருக்கிறதே நாங்கதான்! எங்க எடைக்குப் பல மடங்கு உருட்டுவோம். டீசல் வேண்டாம், புகை கிடையாது, ரோடுகூட வேண்டாம். நட்சத்திரத்தைப் பார்த்தே நேர்கோட்டுல போய்ச் சேருவோம்! இப்பச் சொல்லுங்க, நாங்க இருக்கோமா, இல்லையா?"

வரையாட்டார் எழுந்தே நின்றுவிட்டார். "இருக்கீங்கம்மா! சத்தியமா இருக்கீங்க!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பருந்து "யாருமில்லை" என்பதை அடித்துவிட்டுப் "போக்குவரத்து வசதி உண்டு" என்று எழுதியது. காட்டிலேயே சுற்றுச்சூழலுக்கு உகந்த இடம் லத்திமேடுதான் என்று பலத்த கைதட்டலோடு தீர்மானம் நிறைவேறியது. கரடிதான் ரொம்ப நேரம் தட்டியது.

உருட்டாயிக்குக் கொஞ்ச நேரம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆறு கால் இருந்தும். பிறகு மைக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்:

"அத்தனையும் ஆலைக்குப் போயிட்டா என் பிள்ளைங்க எதைய்யா திங்கும்?"

வரையாட்டார் பரிவோடு குனிந்து பதில் சொன்னார்:

"பதறாதீங்க தாயி. உங்க பொழைப்புல நாங்க கையே வைக்கலை. இதுவரைக்கும் உருட்டினதை அப்படியே உருட்டுங்க. திங்கிறதை மட்டும் நிறுத்திக்குங்க."

நீதி: அநியாயத்தைத் தட்டிக் கேட்கப் போகிற இடத்தில், உங்களால் என்னென்ன முடியும் என்று மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள்; அதையும் திட்டத்தில் சேர்த்துவிடுவார்கள்.