தொட்டில் சொன்ன எடை

"இன்னிக்கும் நூத்தி அம்பத்தஞ்சுதான் மாமா," என்றான் மச்சினன்.

டேங்கர் குனிந்து தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். மின்பெட்டியில் சிவப்பு எண் அசையவில்லை.

உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிப்பவர்கள் நிற்கும் இரும்புத் தொட்டில் அது. இரண்டு முனையிலும் சுவிட்ச் உண்டு. இரண்டு பேர் ஏறி ஆளுக்கொன்றை அழுத்தினால்தான் உயிர் வரும். வந்ததும் இருவரின் மொத்த எடையைக் காட்டும். அது நூற்று ஐம்பதைத் தாண்டக் கூடாது என்பது கம்பெனி சட்டம்.

மச்சினன் அறுபது கிலோ. அக்கா கல்யாணத்தன்றைக்கும் அறுபதுதான். மீதியைக் கண்டுபிடிக்க டேங்கருக்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. தொண்ணூற்றைந்து. எட்டு மாதமாகத் தொண்ணூற்றைந்து.

ஒரு காலத்தில் அவர் நூற்று நாற்பத்தெட்டு. டேங்கர் என்ற பெயர் அப்போது வந்தது. வயிற்றைச் சுருக்கி ஆபரேஷன் செய்து இரண்டு வருடம் ஆகிறது. முதல் வருடம் எடை மளமளவென்று இறங்கியது. உடம்பு போயிற்று, பெயர் போகவில்லை.

ஆபரேஷன் செய்தால் யாருக்கும் குறையும் என்று பேசுகிறவர்கள் அவர் சாப்பிடுவதை ஒருநாள் பார்க்க வேண்டும். ஒரு முட்டையை இருபது நிமிடம் மெல்வார். பக்கத்தில் பத்துப் பேர் அள்ளி விழுங்கிக்கொண்டிருக்கும்போது கை கழுவிவிட்டு எழுந்துவிடுவார். கல் சுமக்கிறவனுக்காவது சாயங்காலம் இறக்கி வைக்க ஓர் இடமுண்டு. இவர் சுமந்ததற்கு அதுவும் கிடையாது.

எல்லாம் ஒரே ஓர் ஆசைக்காக. மறுபடி மேலே போக வேண்டும். உடம்பு பெருத்த நாளிலிருந்து ஏழு வருடமாகத் தரையில் நின்று பெயிண்ட் கலக்குகிறார். அடுத்த வாரம் பதினாலு மாடி வேலை தொடங்குகிறது. அதிலும் ஏறாவிட்டால் ஆயுசுக்கும் கலக்கல்தான்.

வீட்டில் எடை பார்க்க வழியில்லை. நாளைக்கு ஆறு தடவை ஏறி நிற்கிறார் என்று மனைவி மெஷினையே யாருக்கோ கொடுத்துவிட்டாள். "இனிமே எடை மெஷின்ல கால வெச்சீங்கன்னு தெரிஞ்சுது, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

தொட்டில் எடை மெஷின் ஆகாது என்பது டேங்கரின் வாதம்.

ஆஸ்பத்திரி நர்சுக்குப் போன் போட்டார்.

"சிஸ்டர், நின்னு போச்சு."

"எது? மூச்சா?"

"எடை."

"பயமுறுத்தாதீங்கண்ணா. ரெண்டாவது வருஷம் அப்படித்தான். முதல்ல வேகமா குறையும், அப்புறம் மெதுவாயிடும். சிலருக்கு நின்னுடும். சிலருக்குக் கொஞ்சம் கூடவும் செய்யும். கூடாம பாத்துக்கிறதே பெரிய சாமர்த்தியம். பட்டினி மட்டும் கிடக்காதீங்க."

டேங்கர் பட்டினி கிடந்தார். மதியச் சாப்பாட்டை அப்படியே மச்சினன் பக்கம் தள்ளினார். மூன்றாம் நாள் தலை சுற்றியதில் வெள்ளையில் சிவப்புச் சாயம் கவிழ்ந்தது. ஒரு மாடி வராந்தா முழுக்க ரோஸ்.

"இது என்ன, பிரசவ ஆஸ்பத்திரியா?" என்று கத்தினார் மேஸ்திரி.

பட்டினியை விட்டார், நடையைப் பிடித்தார். சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி எட்டுச் சுற்று. துணைக்கு வந்த மச்சினன் எதிரே பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து சுற்றை எண்ணினான். வாரக் கடைசியில் தொட்டிலில் ஏறினார்கள்.

நூற்று ஐம்பத்தாறு.

"ஏறிடுச்சே மாமா!"

"எனக்கும் கண்ணு இருக்குடா."

"உங்களுக்காக நான் எவ்ளோ கஷ்டப்படுறேன், இப்படிப் பண்றீங்களே."

கடைசியில் மெஷின் மேலேயே சந்தேகம் வந்தது. இருவரும் ஏறி நின்றபடி, முப்பது கிலோ பெயிண்ட் வாளி ஒன்றையும் தூக்கி வைத்தார்கள். நூற்று எண்பத்தாறு. கிராம் பிசகவில்லை. இறக்கும்போது வாளிதான் பிசகியது. கீழே மேஸ்திரியின் பைக் நின்றிருந்தது.

மேஸ்திரி சொட்டும் பைக் சீட்டைப் பார்த்தார், டேங்கரைப் பார்த்தார்.

"மெஷின்ல சந்தேகமா? திங்கக்கிழமை பாதுகாப்பு ஆபீசர் வராரு. அவர் முன்னாடி ஏறுங்க. தாண்டிச்சுன்னா, மேல போற பேச்சையே இனி எடுக்கக் கூடாது."

திங்கட்கிழமை கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். கேலி செய்ய ஒருவரும் வரவில்லை. ஏதோ தங்கள் வீட்டுப் பரீட்சை மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

டேங்கர் பூட்ஸைக் கழற்றினார். பெல்ட், வாட்ச், சட்டைப் பையிலிருந்த டேப், கல்யாண மோதிரம்.

"பல்லு மட்டும் சொந்தம், விட்டுடுங்கண்ணே," என்றார் பிளம்பர்.

இருவரும் ஏறி சுவிட்சை அழுத்தினார்கள்.

நூற்று ஐம்பத்தாறு.

டேங்கர் இறங்கினார். கையுறையைக் கழற்றி, நான்காக மடித்து, மேஸ்திரியிடம் நீட்டினார்.

"மெஷின் சரியாத்தான் சொல்லுது சார். என் மச்சானுக்கு வேற ஒல்லியான ஆளா பாத்துப் போடுங்க. என்னால அவன் பொழப்பு கெடக் கூடாது. நான் கலக்குறேன்."

மேஸ்திரி கையுறையை வாங்கவில்லை. "அம்பது கிலோவ இறக்கி வெச்சிருக்கீங்க. மலைய நகத்தினவரு தலைய குனியாதீங்கண்ணே," என்றார். அவர் வாயிலிருந்து 'அண்ணே' வந்தது அதுவே முதல் தடவை.

ஆபீசர் பேனாவைத் திறந்தார். கூட வந்த ஆபீஸ் பெண் தடுத்தாள்.

"சார், இன்சூரன்ஸ் ஃபாரத்துல ஒவ்வொருத்தர் எடையும் தனித்தனியா கேட்டிருக்கு." பையிலிருந்து தட்டையான எடை மெஷினை எடுத்துத் தரையில் வைத்தாள்.

டேங்கர் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார், மூடியபடியே இறங்கினார். தெரிந்த எண்ணை எதற்கு இன்னொரு தரம் பார்ப்பது?

"எனக்கு எதுக்கு மேடம்? அறுபதுன்னு எழுதிக்கோங்க," என்றான் மச்சினன்.

"ஏறுங்க."

ஏறினான். அவள் எழுதினாள். இரண்டையும் கூட்டினாள், தொட்டிலை ஒருமுறை பார்த்தாள், மறுபடி கூட்டினாள். பிறகு டேங்கர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்க வெறும் எண்பத்தேழுதான். மீதி அறுபத்தொம்பதும் உங்க மச்சான்."